மலையுச்சியும் கரையோர அளவையும்

நுவரெலியா நகரின் அருகே உயர்ந்து நிற்கும் பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரமுடையது. இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமும் அதுவே. கடலுக்கு வெகுதூரத்தே நிற்கும் அம்மலைக்கும் கரையோரத்துக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவலாம். இலங்கைத் தேசப்படங்களின் ஆள்கூறுகள் அம்மலையையே மூலமாகக் கொண்டு கணிக்கப்படுகின்றன. மன்னாரின் மணற்றிட்டாயினும் மட்டக்களப்பின் வாவியாயினும், படத்தில் அதன் நிலை அம்மலையை நோக்கியே வரையறுக்கப்படும். நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் அடிக்கோடுகளை அளந்து, மலையுச்சிகளை முக்கோணங்களால் இணைத்த அளவையாளரின் உழைப்பே இதற்கு அடிப்படையாகும்.

மலை அசையாது, கரையோ அசைவது. 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம், சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரையும், சராசரித் தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வகுத்தது. ஆயின் பருவக்காற்றின் அலைகள் மணலை அரிக்க, அந்நீர்க்கோடே இடம்பெயர்கின்றது. கரைக்கு மணல் கொணர்வன மலைநாட்டு ஆறுகள். களனி கங்கையின் மேற்கிளைகளை அட்டன் அருகே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் மறிக்கின்றன. ஆதலின் கரையை அளப்போர் மலையையும் அளத்தல் வேண்டும். கரையின் நீளத்தை 1,340 கிலோமீற்றர் என ஒரு நூலும் 1,585 கிலோமீற்றர் என மற்றொரு நூலும் கூறுவதில் வியப்பில்லை. அளவுகோல் நுண்ணிதாகுந்தோறும் வளைவுகள் பெருகும், நீளமும் பெருகும்.

இடத்தை அளப்பதினும் பொருளை அளப்பது அரிது. தேயிலைத் தோட்டத்திற் பறித்த கொழுந்து அன்றன்றே நிறுக்கப்பட்டுப் பெயர்வாரியாகப் பதியப்படும். கரைவலையில் அகப்பட்ட மீனோ இழுத்தோர்க்குப் பங்காகவும், வீட்டுக்குக் கறியாகவும், வியாபாரிக்கு விலையாகவும், எஞ்சியது கருவாடாகவும் பிரிந்துவிடும். அட்டன் கடையில் விற்கும் கருவாட்டைக் காயவைத்த பெண்ணின் உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறுவது அரிது.

முத்துப்பார்களின் வரலாறு இவ்விடரை நன்கு விளக்கும். மன்னார்க் குடாவிற் சுழியோடிகள் பாரில் இறங்கி, ஒவ்வொரு முழுக்கிலும் எடுத்த சிப்பிகளை எண்ணி, அச்சராசரியால் முழுப்பாரையும் மதிப்பிட்டனர். 1902 ஆம் ஆண்டில் ஹேர்ட்மன் என்னும் உயிரியல் அறிஞர் வந்து பார்களை ஆராய்ந்தார். 1905 ஆம் ஆண்டின் குளிப்பு பெருவருவாய் தந்தது. அடுத்த ஆண்டிலேயே ஒரு கம்பனி பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907 ஆம் ஆண்டின் பின் குளிப்பதற்குரிய சிப்பி கிடைக்காமையால், குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைந்தது. இளஞ்சிப்பிகளை நீரோட்டம் அள்ளிச் செல்லும், மணல் மூடும், திருக்கை முதலிய மீன்கள் உண்ணும். ஓராண்டின் எண்ணிக்கை மறு ஆண்டுக்குச் சான்றாகாது.

இதனாற் பெறப்படும் உண்மை ஒன்று. தேசப்படம் இடத்தைக் காட்டும். வளத்தைக் காட்டுவது இடையறாத அளவை. அவ்வளவைக்குக் கருவிகள் மட்டும் போதா. காற்றையும் நீரோட்டத்தையும் தலைமுறையாக அறிந்த கடற்றொழிலாளரின் அறிவும் வேண்டும். அவர்களைக் கேளாது எழுதிய கணக்கிற் பிழை நேரின், அது தாளில் ஓர் இலக்கமாக நின்றுவிடாது. வெறும் வலையுடன் கரைசேரும் குடும்பங்களின் அடுப்பிலேயே உணரப்படும்.