3 ஜனாதிபதிகளுக்குப் பாடம் சொன்ன டெலிவிஷன் தயாரிப்பாளர்!

முகத்துக்கு சரியாக "மேக்கப்" போட மறுத்ததால் ஒருவருக்கு ஜனாதிபதி பதவி கை நழுவிப் போகுமா?

அமெரிக்காவில் போனது என்றுதான் பலர் இன்றும் சொல்கிறார்கள்.

அப்படித் தோற்றுப் போனவரை, எட்டே ஆண்டில் அதே டெலிவிஷன் முன்னால் நிறுத்தி, ஜெயிக்கக் கை கொடுத்தவர் 28 வயது வாலிபர். அவர் அரசியல்வாதி அல்ல. பேராசிரியரும் அல்ல. பகல் நேரத்தில் வீட்டுப் பெண்கள் பார்க்கும் பாட்டு-பேச்சு நிகழ்ச்சியைத் தயாரித்துக்கொண்டு இருந்தவர்.

அவர் பெயர் ரோஜர் அய்ல்ஸ்.

"டெலிவிஷனில் எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது, எங்கே சிரிப்பது" என்று தலைவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதையே அவர் ஒரு தொழிலாக ஆக்கிவிட்டார். நிக்சன், ரீகன், மூத்த புஷ் ஆகிய 3 ஜனாதிபதிகள் அவரிடம் பாடம் கேட்டார்கள். கோடி கோடியாகச் சம்பாதித்தார். கடைசியில், தான் கட்டிய கோட்டையில் இருந்தே வெளியேற்றப்பட்டார்.

அந்தக் கதை வருமாறு:-

வியர்த்துக் கொட்டிய நிக்சன்

1960-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந்தேதி. சிகாகோ நகரில் ஒரு டெலிவிஷன் நிலையம். ஜனாதிபதி தேர்தலில் எதிர் எதிராக நின்ற கென்னடியும் நிக்சனும் நேருக்கு நேர் விவாதம் செய்தார்கள். சுமார் 7 கோடி பேர் பார்த்தார்கள்.

நிக்சன் அப்போது துணை ஜனாதிபதி. பேச்சில் கெட்டிக்காரர். ஆனால், முழங்காலில் சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்திருந்தார். உடம்பு இளைத்து, சட்டைக் காலர் தொளதொள என்று இருந்தது. போட்டிருந்ததோ சாம்பல் நிற கோட்டு. பின்னால் இருந்த சுவரும் கிட்டத்தட்ட அதே நிறம்.

முறையான "மேக்கப்" வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தாடி நிழல் தெரியாமல் இருக்க ஏதோ பவுடரைத் தடவிக்கொண்டார். விளக்கு வெளிச்சத்தில் வியர்த்துக் கொட்டியது.

கென்னடி வெயிலில் காய்ந்த முகத்தோடு, அடர் நிற கோட்டில் பளிச் என்று இருந்தார்.

பதிவான ஓட்டுகள் சுமார் 6 கோடியே 88 லட்சம். நிக்சன் தோற்றது சுமார் 1 லட்சத்து 12 ஆயிரம் ஓட்டில்! இந்தத் துளி வித்தியாசம்தான் "அந்த வியர்வை கெடுத்தது" என்று பேச வைத்தது.

பாம்பு அழகியும் தலைவரும்

அய்ல்ஸ் ஓகியோ மாநிலத்தில் வாரன் என்ற ஊரில் 1940-ம் ஆண்டு பிறந்தார். தந்தை ஒரு தொழிற்சாலையில் போர்மேன். பிள்ளைக்கு ஒரு பயங்கர நோய் இருந்தது. அடிபட்டால் ரத்தம் சீக்கிரம் உறையாது. சின்னக் காயமும் உயிருக்கு ஆபத்து.

கல்லூரியில் படிக்கும்போதே ரேடியோவில் வேலை பார்த்தார். 1962-ல் படிப்பு முடிந்ததும் கிளீவ்லாந்து டெலிவிஷன் நிலையத்தில் சேர்ந்தார். "மைக் டக்ளஸ் ஷோ" என்ற நிகழ்ச்சியில் சாமான் எடுத்து வைக்கும் எடுபிடி வேலை! மூன்றே ஆண்டில் அதன் தயாரிப்பாளர் ஆனார். நிகழ்ச்சி பிலடெல்பியா நகருக்கு மாறியது. நாடு முழுவதும் பிரபலம் ஆனது.

அந்த நிகழ்ச்சிக்கு ஒரு நாள் நிக்சன் வந்தார். அதே நாளில், மலைப்பாம்புடன் நடனம் ஆடும் அழகி ஒருத்தியும் வந்திருந்தாள். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைக்க முடியுமா? நிக்சனைத் தன் சொந்த அறைக்கு அழைத்துப் போனார், அய்ல்ஸ். "அன்றைக்கு அறை மாறியிருந்தால் என் பிழைப்பே பாம்போடு போயிருக்கும்" என்ற பொருளில் பிற்காலத்தில் அவர் தமாஷாகச் சொல்வது உண்டு.

"தேர்தல்லே ஜெயிக்க இந்த மாதிரி வித்தை எல்லாம் காட்ட வேண்டியிருக்கே!" என்று நிக்சன் அலுத்துக்கொண்டார்.

"டெலிவிஷன் வித்தை இல்லே. வித்தைன்னு நினைச்சீங்கன்னா மறுபடியும் தோத்துப் போவீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னார், வாலிபர்.

நிக்சனுக்குக் கோபம் வரவில்லை. வேலை கொடுத்தார்.

"ஒரு டாக்சி டிரைவர் வேண்டும்"

1968 தேர்தலுக்காக அய்ல்ஸ் தயாரித்தது ஒரு புது மாதிரி நிகழ்ச்சி.

மேஜை கிடையாது. எழுதி வைத்த பேச்சு கிடையாது. வட்டமான மேடையில் நிக்சன் தனியாக நிற்பார். பொதுமக்கள் சிலர் கேள்வி கேட்பார்கள். அவர் பதில் சொல்வார். பார்க்கிறவர்களுக்கு, "அடேயப்பா, ஒண்டி ஆளாக நின்று சமாளிக்கிறாரே!" என்று தோன்றும்.

கேள்வி கேட்கிறவர்கள் தேர்ந்து எடுக்கப்பட்டவர்கள். வியாபாரி, விவசாயி, வீட்டுப் பெண் என்று ஒரு கணக்கு. பிலடெல்பியாவில் நடந்தபோது, வெடுக் வெடுக் என்று பேசும் டாக்சி டிரைவர் ஒருவரை உட்கார வைக்க வேண்டும் என்று அய்ல்ஸ் விரும்பினார். கேள்வி காரமாக இருந்தால்தான் பதில் ருசிக்கும் என்பது அவர் கணக்கு.

இது வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. தெரியாதது என்ன?

அரங்கில் உட்கார்ந்து இருந்த கூட்டம், கட்சியே அழைத்து வந்த கூட்டம். எப்போது கை தட்டுவது, முடிந்ததும் எப்படி ஓடி வந்து தலைவரைச் சூழ்ந்துகொள்வது என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வியர்க்கக் கூடாது என்பதற்காக, அரங்கைக் குளுகுளு என்று ஆக்கி வைத்திருந்தார்கள்.

பத்திரிகை நிருபர்களை உள்ளேயே விடவில்லை. வேறு அறையில் டெலிவிஷனில் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்கள்!

இந்த முறை நிக்சன் சுமார் 5 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஜோ மெக்கின்னிஸ் என்ற இளம் எழுத்தாளர் இந்தக் கூட்டத்தோடு கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். 1969-ல் புத்தகமாகப் போட்டு உடைத்துவிட்டார். சோப்பு விற்பதுபோல ஜனாதிபதியை விற்றார்கள் என்று நாடே பேசியது. அய்ல்ஸ் கவலைப்படவில்லை. அந்தப் புத்தகமே அவருக்கு விளம்பரம் ஆகிவிட்டது.

ஏழே விநாடி

நியூயார்க்கில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். நாடகமும் தயாரித்தார். 1972-ல் ஒரு நாடகம் படுதோல்வி. அடுத்த ஆண்டில் ஒன்று பெரிய வெற்றி. ஆனாலும் சோறு போட்டது ஆலோசனைத் தொழில்தான். அரசியல்வாதிகளோடு, கம்பெனி முதலாளிகளும் பேசக் கற்றுக்கொள்ள வந்தார்கள்.

"முதல் 7 விநாடியிலேயே நம்மைப் பற்றி எதிரில் இருப்பவர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்" என்பது அவர் பாடம். கடை வைத்திருப்பவர்களுக்கு இது புதிது அல்ல. படி ஏறும்போதே இவர் வாங்குவாரா, விலை மட்டும் கேட்டுவிட்டுப் போவாரா என்று அவர்களுக்குத் தெரியும்!

இன்னொரு பாடமும் உண்டு. மேடையில் இரண்டு பேர். ஒருவர், மத்திய கிழக்கு நாடுகளின் சண்டையைத் தீர்க்க வழி சொல்கிறார். மற்றவர் கால் தவறி, வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் விழுகிறார். அன்று மாலை செய்தியில் யார் வருவார்?

விழுந்தவர்தான்!

கிழவர் போட்ட போடு

1984-ல் ஜனாதிபதி ரீகனுக்கு 73 வயது. எதிர்த்து நின்ற மான்டேலுக்கு 56. முதல் விவாதத்தில் ரீகன் தடுமாறினார். "கிழவருக்கு முடியவில்லை" என்ற பேச்சு கிளம்பியது.

அவசரமாக அய்ல்ஸ் அழைக்கப்பட்டார். புள்ளிவிவரங்களைத் தலையில் திணிக்காதீர்கள், அவரை அவர் போக்கில் விடுங்கள் என்றார். "வயதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று ரீகனிடமே கேட்டு உஷார்ப்படுத்தினார்.

அக்டோபர் 21-ந்தேதி, கான்சாஸ் சிட்டி நகரில் 2-வது விவாதம். எதிர்பார்த்தபடியே வயது பற்றிக் கேள்வி வந்தது. "என் எதிரியின் இளமையையும் அனுபவக் குறைவையும் நான் அரசியல் ஆக்க மாட்டேன்" என்று ரீகன் ஒரு போடு போட்டார். அரங்கமே சிரித்தது. மான்டேலும் சிரித்துவிட்டார்!

50 மாநிலங்களில் 49-ல் ரீகனுக்கே வெற்றி.

சுழலும் கதவு

1988-ல் மூத்த புஷ் போட்டியிட்டார். ஜூலையில் ஒரு கருத்துக் கணிப்பில், எதிரி டுகாகிஸ் 17 சதவீதம் முன்னால் இருந்தார்.

புஷ் தரப்பின் விளம்பரப் பொறுப்பு அய்ல்ஸ் கையில். அந்த ஆண்டு வந்த ஒரு விளம்பரத்தில், சிறைக் கைதிகள் சுழலும் கதவு வழியாக உள்ளே போய், அப்படியே வெளியே வருவார்கள். கைதிகளுக்கு விடுமுறை கொடுத்தவர் டுகாகிஸ் என்பது குற்றச்சாட்டு. கைதிகளாக நடந்தவர்கள் நடிப்பதற்காக அழைத்து வரப்பட்டவர்கள்.

பயத்தைக் காட்டி ஓட்டு வாங்குகிறார்கள் என்று கண்டனம் எழுந்தது. புஷ் 40 மாநிலங்களில் ஜெயித்தார்.

எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. அடுத்த ஆண்டே நியூயார்க் மேயர் தேர்தலில் அவருடைய ஆள் கியூலியானி தோற்றார். சில ஆண்டுகளில் அய்ல்ஸ் தேர்தல் வேலைக்கு முழுக்குப் போட்டார்.

சொந்தக் கோட்டை

மறுபடியும் டெலிவிஷன். 1996-ம் ஆண்டு அக்டோபர் 7-ந்தேதி, பத்திரிகை முதலாளி முர்டாக்கின் பணத்தில் "பாக்ஸ் நியூஸ்" செய்தி சானல் தொடங்கியது. தலைமை, அய்ல்ஸ். ஆரம்பத்தில் சுமார் 1 கோடியே 70 லட்சம் வீடுகளில்தான் தெரிந்தது. 2002-ல் சி.என்.என்.னை முந்திவிட்டது.

"நடுநிலை" என்பதுதான் அதன் கோஷம். குடியரசுக் கட்சிக்கு வாசித்த ஜால்ரா என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். எது எப்படியோ, இப்போது தலைவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் யாரையும் தேடிப் போகவில்லை.

கதவுக்குப் பின்னால்

2016-ம் ஆண்டு ஜூலை 6-ந்தேதி ஒரு குண்டு வெடித்தது. அந்த சானலில் செய்தி நிகழ்ச்சி நடத்திவந்த கிரெட்சன் கார்ல்சன் என்ற பெண் வழக்குப் போட்டார். அய்ல்ஸ் தன்னிடம் தகாத முறையில் பேசினார், இணங்காததால் வேலை போயிற்று என்பது புகார். அவருடைய பேச்சைக் கார்ல்சன் ரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்ததாகவும் பத்திரிகைகள் எழுதின. மேலும் பல பெண்கள் அடுத்தடுத்து வாய் திறந்தார்கள்.

அய்ல்ஸ் எல்லாவற்றையும் மறுத்தார். ஆனால், 15 நாளில் பதவி போயிற்று. கார்ல்சனுக்குக் கம்பெனி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. நஷ்டஈடாக 2 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. வெளியேறிய அய்ல்சுக்குக் கிடைத்தது 4 கோடி டாலர் என்றும் செய்தி வந்தது!

அடுத்த ஆண்டு மே மாதம் புளோரிடா வீட்டில் அய்ல்ஸ் கீழே விழுந்து தலையில் அடிபட்டது. பிறவியிலேயே இருந்த ரத்த நோய் நிலைமையை மோசமாக்கியது. மே 18-ந்தேதி, 77-வது வயதில் இறந்தார்.

2019-ல் அவர் கதை சினிமாவாகவும் டெலிவிஷன் தொடராகவும் வந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களைக் கேமரா முன்னால் நிறுத்தியவரை, நடிகர்கள் நடித்துக் காட்டினார்கள்.

பிலடெல்பியாவில் அன்று நிருபர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. 48 ஆண்டு கழித்து நியூயார்க்கில் திறந்ததும் சாத்திய கதவுதான். பெட்டியில் தெரிந்ததைவிட, தெரியாமல் இருந்ததுதான் இரண்டு இடத்திலும் பெரிய செய்தி!