ஒளியை அளந்து பெறுதல்

பெண்ணாடத்துத் திருக்கோயிலின் விமானம், படுத்துறங்கும் யானையின் முதுகுபோல் வளைந்தது. ஆதலின் 'தூங்கானை மாடம்' எனப் பெயர் பெற்றது. அதனைப் படச்சுருள் இட்ட புகைப்படக் கருவியால் படமெடுக்க விரும்புவோர், ஒளியை அளந்து புகவிடுதல் வேண்டும். ஒளி மிகுந்தால் படம் வெளிறும், குறைந்தால் இருளும்.

ஒளி புகும் துளையின் அகலமும், ஷட்டர் என்னும் கதவு திறந்திருக்கும் நேரமுமே அவ்வளவை வகுப்பன. நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 உணர்திறனுடைய சுருளுக்கு, எஃப் 16 துளையும் 1/125 வினாடியும் பொருந்தும். எண் குறையத் துளை அகலும். எஃப் 11 எனின் ஒளி இருமடங்காகும். எனவே நேரத்தைப் பாதியாக்கி 1/250 வினாடி எனக் கொள்ளல் வேண்டும்.

சிறு துளையில், அருகிலுள்ள தூணும் தொலைவிலுள்ள விமானமும் ஒருங்கே தெளியும். குறுகிய நேரத்தில், பறக்கும் புறாவும் அசைவின்றிப் பதியும். வேண்டுவது எதுவென முன்னரே தெளிக. ஒருமுறை ஒளிபட்ட சுருளைப் பழைய நிலைக்கு மீட்டல் இயலாது. ஆதலின் அளந்த பின்னரே பொத்தானை அழுத்துக.