'சிக்னல் போச்சு!' - போட்டி நடுவே ரோபோ நின்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தாம்பரத்தைச் சுற்றி ஜி.எஸ்.டி சாலையில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லை. அங்கே படிக்கும் பல மாணவர்களின் கனவு ரோபோகான் போன்ற போட்டிகள். மாதக்கணக்கில் தூக்கம் தொலைத்து உருவாக்கும் ரோபோவுக்கு அங்கே ஓர் ஆட்டத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. கல்லூரி லேபில் சமர்த்தாக ஓடிய ரோபோ, மைதானத்தில் அசையாமல் நின்றுவிட்டால்? அணியே அலறும்... 'சிக்னல் போச்சு!'

ஆனால், பல நேரங்களில் போனது சிக்னல் அல்ல, மின்சாரம்!

லோ வோல்டேஜ் வில்லன்

வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் டியூப்லைட் ஒரு நொடி மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரோபோவுக்குள் நடப்பதும் அதுதான். சக்கர மோட்டார்கள் கிளம்பும்போதும், எதிலாவது முட்டி நிற்கும்போதும் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்தால், மூளையாக இருக்கும் கன்ட்ரோலர் போர்டு அணைந்து மீண்டும் உயிர்பெறும். அது திரும்ப வயர்லெஸ் இணைப்பைப் பிடிக்கும் வரை ரோபோ சிலைதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு சிக்னல் போனதுபோலவே தெரியும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ராஸ்பெர்ரி பை போர்டில் 5 வோல்ட் சப்ளை 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், திரையில் மின்னல் குறி தோன்றும். மல்ட்டிமீட்டரால் பார்ப்பவர்கள், ரோபோ சும்மா நிற்கும்போது பேட்டரியை அளந்து ஏமாறக் கூடாது. மோட்டார் ஓடும்போது அளக்க வேண்டும். பேட்டரியில் வோல்டேஜ் சரியாக இருந்து, போர்டில் மட்டும் குறைந்தால் நடுவில் இருக்கும் வயர், கனெக்டர், சுவிட்சில்தான் கோளாறு. ஒவ்வொன்றாக லேசாக ஆட்டிப் பார்த்தாலே லூஸ் கனெக்‌ஷன் சிக்கிவிடும்.

60 இருக்கிறதா?

மின்சாரம் சரி என்றால், அடுத்து வயர்கள். மோட்டார் டிரைவர்களை இணைக்கும் 'கேன்' லைனின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். பவரை அணைத்துவிட்டு இரு வயர்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாகத்தான் காற்றில் வரும் சிக்னல். அரங்கம் நிறைய ஹாட்ஸ்பாட், ப்ளூடூத் என 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிசல் இருந்தால் ரோபோவும் திணறும். 2012-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்த ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் இறுதிச்சுற்றில் பல ரோபோக்கள் முடங்கின. விசாரணையில், ஒருவர் வேண்டுமென்றே வைஃபையில் குறுக்கிட்டது தெரியவந்தது. கூடவே, ரோபோக்களுக்குள் இருந்த கோளாறுகளும் வெளிப்பட்டன. ஒரே அறிகுறி, பல நோய்கள்!

அதனால்தான், பதற்றத்தில் ஒரே நேரத்தில் பேட்டரி, வயர், புரோகிராம் எல்லாவற்றையும் மாற்றக் கூடாது. ரோபோ ஓடிவிட்டாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த ஆட்டத்தில் மறுபடி நிற்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், உடனே ஒரு சோதனை. அதை நோட்டில் எழுதிவைப்பது இன்னும் நல்லது.

குரோம்பேட்டை தந்த பாடம்

அப்படியும் சிக்னல் போனால்? நடிகர் அஜித் ஆலோசகராக இருந்த குரோம்பேட்டை எம்.ஐ.டி வளாகத்தின் 'தக்‌ஷா' குழு, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. கண்ணுக்கெட்டாத தூரத்தில் பறக்கும் விமானத்தில் தொடர்பு அறுந்தால், ஓடிப்போய் வயரைத் தொட முடியாது. என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே அதற்குச் சொல்லிவைத்திருக்க வேண்டும்.

தரையில் ஓடும் ரோபோவுக்கும் இதே விதிதான். சிக்னல் அறுந்ததும் மோட்டார்கள் தானாக நிற்க வேண்டும். இல்லையென்றால், கடைசியாக வாங்கிய கட்டளையோடு அது பக்கத்தில் நிற்பவரின் காலில் போய் மோதும். கோப்பை அடுத்த வருஷம்கூட வாங்கலாம்... கால் முக்கியம்!