படைச்செலவுக்கு முன் சிறப்புச் செய்தல்: புறத்திணை மரபு உணர்த்தும் கடப்பாடு

முன்னுரை

வீரர்கள் தொலைநாட்டுப் பணிக்குப் புறப்படும் முன்னர் அவர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் அழைத்துச் சிறப்புச் செய்தல் இன்று உலக நாடுகள் பலவற்றிலும் காணப்படும் வழக்கமாகும். கொடி வழங்குதல், விருந்தளித்தல், வழிபாடு நிகழ்த்துதல், தலைவர்கள் உரையாற்றுதல் எனப் பல கூறுகள் இத்தகைய விழாக்களில் இடம்பெறுகின்றன. இவ்வழக்கத்தின் பொருள் யாது என்னும் வினாவுக்குத் தமிழ்ப் புறத்திணை மரபு தெளிவானதொரு விடையைத் தருகிறது. புறப்படுமுன் செய்யப்படும் சிறப்பு வெறும் பாராட்டன்று. அனுப்புவோன் பலர் அறிய ஏற்றுக்கொள்ளும் கடன் என்பதே அவ்விடை. இக்கருத்தைத் தொல்காப்பியம், புறநானூறு, சிலப்பதிகாரம் முதலியவற்றின் துணையோடு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

வஞ்சியும் முல்லையும்

மண்ணாசை கொண்டு பகைவன் நாட்டின்மேற் படையெடுத்துச் செல்லுதலைத் தொல்காப்பியர் வஞ்சித்திணை என்பார். அதற்குப் பதின்மூன்று துறைகளை வகுக்கிறார். இவ்வஞ்சித்திணையை முல்லை என்னும் அகத்திணைக்குப் புறனாக அவர் அமைத்துள்ளமை நம் கவனத்திற்குரியது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். அதாவது, பிரிந்து சென்றவன் மீண்டு வருவான் என ஆற்றியிருத்தல். தலைவன் பாசறையில் இருக்க, தலைவி இல்லில் இருக்கிறாள். ஆகவே, படை புறப்படும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஓர் இல்லத்தில் காத்திருத்தலும் தொடங்குகிறது என்னும் உண்மை இலக்கணப் பகுப்பிலேயே பொதிந்துள்ளது எனலாம்.

முல்லைப்பாட்டு இதற்குச் சிறந்த சான்றாகும். 103 அடிகளையுடைய அப்பாட்டில் பாசறைக் காட்சி விரிவாக இடம்பெற்றிருப்பினும், தொடக்கம் வீட்டுப் பக்கமாகவே அமைகிறது. முதிய பெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவித் தொழுது, நற்சொல் கேட்க நிற்கின்றனர். கன்றைத் தேற்றும் இடைமகளின் சொல்லே அவர்களுக்கு நன்னிமித்தமாகிறது. போரின் வெற்றியை மட்டுமன்று, தலைவன் மீண்டு வருதலையே அவர்கள் நாடி நிற்கின்றனர்.

கடல்வழிச் செலவு மகளிரொடு கூடி நிகழ்வதில்லை எனத் தொல்காப்பிய அகத்திணையியல் கூறுவதும் இங்கு இணைத்து நோக்கத்தக்கது. இவ்விதியின் எல்லை குறித்து உரையாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், கடல்கடந்த பிரிவில் வீட்டார் பின்தங்கியே ஆக வேண்டும் என்னும் உணர்வை அது காட்டுகிறது.

சிறப்பின் நால்வகை

புறப்பாடல்களையும் இலக்கணங்களையும் தொகுத்து நோக்கின், போருக்கு முன் செய்யப்படும் சிறப்புகளுள் நான்கினைத் தெளிவாகக் காணலாம்.

முதலாவது பெருஞ்சோறு. வேந்தன் தன் படையினர்க்கு விருந்தளித்தலைப் பெருஞ்சோற்று நிலை எனத் தொல்காப்பியர் வஞ்சித் துறைகளுள் ஒன்றாக்குவார். சிலப்பதிகாரக் கால்கோட் காதையில் வடதிசை நோக்கிப் புறப்படும் சேரன் செங்குட்டுவன் படைக்குப் பெருஞ்சோறு வகுக்கிறான். உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்தும் ஈடு செய்தல் செஞ்சோற்றுக் கடன் எனப் பிற்காலத்தில் பெயர் பெற்றது. ஆயினும், ஒரே பந்தியில் விளைந்த கடன் உண்டவனை மட்டும் பிணிப்பதில்லை. ஊட்டியவனையும் பிணிக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாவது பூக்கோள். போர்ப்பூவைப் பெற்றுக்கொள்ள வருமாறு பறையறைந்து வீரர்களை அழைப்பர். வேந்தன் கையினின்று பூவைப் பெறுதல் போரில் தன் இடத்தைப் பலர் முன்னிலையில் ஏற்றுக்கொள்ளுதலாகும்.

மூன்றாவது மாராயம். வேந்தனால் பெறும் சிறப்பை இச்சொல் குறிக்கும். ஏனாதி முதலிய பட்டங்கள் இதன்பாற்படும். அச்சிறப்பைப் பெற்ற வீரன் தன் ஆற்றலை எடுத்துரைத்தலும் தனித்துறையாகக் கொள்ளப்பட்டது.

நான்காவது குடிநிலை உரைத்தல். புறநானூற்றின் 290ஆம் பாடலில் ஔவையார், வீரன் ஒருவனுக்கு முதலில் கள்ளை வழங்குமாறு வேந்தனிடம் கூறுகிறார். இவன் பாட்டன் உன் பாட்டனைக் காத்து நின்று, தன்மேல் எறியப்பட்ட வேல்களைத் தாங்கி மாண்டவன். இவனும் மழையைத் தடுக்கும் பனையோலைக் குடைபோல உன்னைக் காப்பான் என்பது அவர் கூற்றின் சாரம். இங்குச் சிறப்புப் பெறுபவன் தனியொருவன் அல்லன், ஒரு குடும்பம். வேந்தன் அக்குடும்பத்திற்கு முன்னரே பட்டிருக்கும் கடனைப் புலவர் அவையில் நினைவூட்டுகிறார்.

இல்லத்தில் எஞ்சுவோர்

குடும்பத்தாரின் நிலையைப் புறநானூறு இரு வேறு கோணங்களிற் காட்டுகிறது. 279ஆம் பாடல் தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. முன்னைய போரில் பிறந்த வீட்டு உறவையும், அடுத்த போரில் கணவனையும் இழந்த பெண், மீண்டும் பறையொலி கேட்டதும் தன் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேல் கொடுத்துப் போர்க்களம் நோக்கி அனுப்புகிறாள். இதனை வீரத்தாயின் பெருமையாக மட்டும் விளக்குவது வகுப்பறைகளிற் பரவலாக உள்ளது. ஆனால், ஒக்கூர் மாசாத்தியார் பாடலைப் பெருமிதத்தோடு தொடங்கவில்லை. அவள் நெஞ்சின் கடுமையையும் துணிவையும் கண்டு திடுக்கிடும் குரலிலேயே தொடங்குகிறார். வியப்பும் நடுக்கமும் அங்கு ஒருங்கே உள்ளன. நடுக்கத்தை நீக்கிவிட்டு வியப்பை மட்டும் கற்பித்தல் பாடலைப் பாதியாகக் கற்பித்தலாகும்.

293ஆம் பாடல் அவ்வளவாக அறியப்படாதது. நொச்சி நியமங்கிழார் பாடிய அது பூக்கோட் காஞ்சித் துறையில் அமைந்தது. ஒரு பக்கம் வீரர்க்குரிய போர்ப்பூவைப் பெற அழைக்கும் பறையொலி. மறுபக்கம் வீடுதோறும் பூ விற்கும் பெண். கணவர் போருக்குச் சென்ற இல்லங்களில் மகளிர் பூச்சூடார் ஆதலின், அவள் பிற மனைகளை நாட வேண்டியவளாகிறாள் எனப் பொருள் கொள்வர். வேந்தன் கையால் வீரன் பெறும் பூவும், வீட்டில் விலைபோகாத பூவும் ஒரே பாடலில் எதிரெதிராக நிற்கின்றன. சிறப்பின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதை இதனினும் சுருக்கமாகக் கூறல் அரிது.

வேந்தற்குரிய கடன்

பொன்முடியாரின் 312ஆம் பாடல் கடமைகளைப் பங்கிட்டுக் காட்டுகிறது. ஈன்று வளர்த்தல் தாய்க்கும், சான்றோன் ஆக்குதல் தந்தைக்கும், வேல் வடித்தல் கொல்லனுக்கும் உரியன. வேந்தனுக்குரியதாகக் கூறப்படும் கடன் ‘நன்னடை’ நல்குதல் என்பது பரவலாக வழங்கும் பாடம். ‘தண்ணடை’ என்னும் பாடவேறுபாடும் உண்டு. தண்ணடை என்பது மருதநிலத்து ஊரைக் குறிக்கும் சொல். வீரர்க்கு வேந்தர் வழங்கும் நிலக்கொடையாக 287ஆம் பாடலிலும் அது வருகிறது. இப்பாடத்தைக் கொள்ளின், வேந்தனின் கடன் நல்லொழுக்கம் கற்பித்தல் என்பதனினும் வாழ்வாதாரம் அளித்தல் என்றாகிறது. எப்பாடத்தைக் கொள்ளினும் ஓர் உண்மை மாறவில்லை: கடமைப் பட்டியலில் வீட்டாரோடு வேந்தனும் இடம்பெறுகிறான்.

இக்கடன் போருக்குப் பின்னும் தொடர்ந்தது. நெடுநல்வாடையில் வேந்தன் வாடைக் காற்று வீசும் நள்ளிரவில் புண்பட்ட வீரர்களை நேரிற் சென்று காண்கிறான். நீர்ப்படைக் காதையில் செங்குட்டுவன் பொன்னாற் செய்த வாகைப்பூவை வழங்குமிடத்துக் களத்தில் வீழ்ந்தோரும் நினைக்கப்படுகின்றனர். இடைக்காலக் கல்வெட்டுகள் மேலும் ஒரு படி சென்று, மாண்ட வீரனின் குடும்பத்தார்க்கு விடப்பட்ட நிலத்தை ‘நெத்தோர்பட்டி’, ‘உதிரப்பட்டி’ எனக் குறிக்கின்றன. நெய்த்தோர் என்பது குருதி. நிலத்தின் பெயரே அது வந்த வகையை ஊருக்கு உணர்த்திக்கொண்டிருந்தது.

இதற்கு மாறாக, நம் நாட்டோடு நேரடித் தொடர்புடைய 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பை எண்ணிப் பார்க்கலாம். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கடலில் செலுத்திய பல கலங்களையும், கைப்பற்றிய யானைகளையும், செல்வத்தையும், ஊர்ப்பெயர்களையும் நிரல்படக் கூறுகிறது. கலங்களில் ஏறியோரைப் பற்றியோ கரையில் நின்றோரைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. மெய்க்கீர்த்தியின் நோக்கம் வேந்தன் புகழே என்பதால் அது வியப்பன்று. ஆயினும், புறப்பாடல்கள் எதனைக் காத்து வைத்துள்ளன என்பதை இவ்வேறுபாடு நமக்கு உணர்த்துகிறது.

இன்றைய பொருத்தம்

நம் நாட்டு வீரர்கள் 1960ஆம் ஆண்டு காங்கோவிற்கும், 1993இல் சோமாலியா, போஸ்னியா ஆகியவற்றிற்கும், 2007 முதல் லெபனானுக்கும் பன்னாட்டு அமைதிப் பணிக்காக அனுப்பப்பட்டனர். மண்ணாசையால் எழும் வஞ்சிப்போர் இதுவன்று. எனினும், புறப்பாடும் காத்திருத்தலும் மாறவில்லை. 1993 அக்டோபரில் மொகடிஷு நகரில், முற்றுகையிடப்பட்ட அமெரிக்க வீரர்களை மீட்கச் சென்ற மலேசிய வீரர் ஒருவர் உயிரிழந்தார். அவருக்கு நாட்டின் உயரிய வீர விருதான ஸ்ரீ பஹ்லாவான் காகா பெர்காசா வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் சூலை 31ஆம் நாள் வீரர் நாளாக நினைவுகூரப்படுகிறது. மாராயமும் வாகையும் வேறு பெயர்களில் இன்றும் நிலவுகின்றன எனலாம்.

முடிவுரை

புறப்படுமுன் செய்யும் சிறப்பைத் தமிழ் மரபு மூவரைப் பிணிக்கும் ஒப்பந்தமாகக் கண்டது: அனுப்புவோன், செல்வோன், எஞ்சியிருப்போர். விருந்தும் பூவும் பட்டமும் அவ்வொப்பந்தத்தின் சாட்சிகள். அது நிறைவேறியதா என்பதை விழா நாளில் அறிய இயலாது. புண்பட்டவன் படுக்கையருகிலும், மீளாதவன் வீட்டு வாயிலிலும்தான் அறிய இயலும்.

எனவே, தமிழாசிரியர்கள் 279ஆம் பாடலைத் தனித்துக் கற்பிக்காமல் 290, 293, 312 ஆகிய பாடல்களோடு சேர்த்துக் கற்பித்தல் பயன் தரும். அவ்வாறு கற்கும் மாணவர், மகனை அனுப்பிய தாயின் துணிவை வியப்பதோடு நில்லாது, அவளுக்கு வேந்தன் யாது செய்தான் என்று வினவுவர். அவ்வினாவை எழுப்பும் உரிமையைப் புறநானூற்றுப் புலவர்கள் தம் காலத்து வேந்தர் அவையிலேயே கையாண்டுள்ளனர்.