ஐஸ் இல்லாத இடத்தில் நுண்ணுயிரைக் காப்பது எப்படி?

கென்யாவில் கிளிமஞ்சாரோ மலையைப் பார்த்தபடி இருக்கும் அம்போசெலி சமவெளியில், பபூன் குரங்குகளை 1971 முதல் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து வருகிறார்கள் ஆய்வாளர்கள். குரங்கு மலம் கழித்து நகர்ந்ததும், அதில் சிறிது எடுத்து எத்தனால் நிரப்பிய குப்பியில் போட்டுவிடுவார்கள். ஹார்மோன் அளவைக் கணிக்கத்தான் இந்தச் சேகரிப்பு தொடங்கியது. அந்தக் குப்பிகளே பின்னாளில் குடல் நுண்ணுயிர் ஆய்வுக்குப் பெரும் புதையலாயின. 14 ஆண்டுகளில் 585 பபூன்களிடமிருந்து சேர்ந்த மாதிரிகளை வைத்து 16,234 நுண்ணுயிர்ப் பட்டியல்களைத் தயாரித்தார்கள். குடலில் எது எவ்வளவு வாழ்கிறது என்பதில் பரம்பரைக்கும் பங்குண்டு என்று 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் அதன் முடிவு வெளியானது.

மலத்தை அள்ளியதும் ஏன் அவ்வளவு அவசரம்? குடலில் வாழ்பவற்றில் பெரும்பாலானவை ஆக்சிஜன் பட்டால் தாங்காது. அவை ஒடுங்கும் நேரத்தில், காற்றிலும் பிழைக்கத் தெரிந்த ஈ.கோலை போன்றவை பெருகிவிடும். சூழல் வாய்த்தால் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். அப்புறம் ஆய்வகம் எண்ணுவது வழியில் பெருகிய கூட்டத்தைத்தான். அமெரிக்காவில் பொதுமக்கள் தபாலில் அனுப்பிய மாதிரிகளிலேயே இது நடந்தது. அப்படிப் பெருகியவற்றை அடையாளம் கண்டு கணக்கிலிருந்து கழிக்கும் முறையை 2017-இல் வெளியிட வேண்டியிருந்தது.

மைனஸ் 80 டிகிரியில் உறையவைப்பதே சிறந்தது என்பார்கள். கரண்ட் இல்லாத காட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2016-இல் நுண்ணுயிர் ஆய்வாளர் ராப் நைட் உள்ளிட்ட குழு, மனிதர், நாய் மல மாதிரிகளைப் பல முறைகளில் எட்டு வாரம் வரை வைத்துச் சோதித்தது. 95 சதவீத எத்தனால் தேறியது. வேதிப்பொருள் ஊறிய எஃப்.டி.ஏ. அட்டையும் தேறியது. 70 சதவீத எத்தனால் தேறவில்லை.

கொரோனா காலத்தில் சானிடைசரால் கைகளைச் சுத்தம் செய்யப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். கிருமியைக் கொல்ல 70 சதவீதம்தான் உகந்தது. நீர் கலந்திருப்பதால் செல்லுக்குள் நன்றாக ஊடுருவும். ஆனால் இங்கே வேண்டியது கொல்வது மட்டுமல்ல. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் செயல்பட நீர் தேவை. அந்த நீரை உறிஞ்சி அவற்றை முடக்க வேண்டும். மலத்திலேயே நீர் நிறைய உண்டு. அது கலந்தால் 70 இன்னும் இறங்கிவிடும்.

எத்தனால் எளிதில் தீப்பற்றும், விமானத்தில் கொண்டுபோகக் கட்டுப்பாடுகள் உண்டு. தான்சானியாவின் ஹட்சா வேட்டைச் சமூகத்தை ஆராய்ந்தவர்கள், மாதிரியை ஒரு நாளுக்கு மேல் எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, சிலிக்கா மணிகளோடு உலர்த்தி எடுத்துப் போனார்கள்.

எந்த முறையானாலும் தொடக்கம் முதல் கடைசி வரை ஒன்றையே பின்பற்றுவதுதான் முக்கியம் என்பேன். பாதியை எத்தனாலிலும் மீதியை அட்டையிலும் வைத்தால், குடல்களின் வேறுபாட்டோடு முறைகளின் வேறுபாடும் கலந்துவிடும். இன்னொன்றையும் புறப்படும் முன்பே முடிவு செய்ய வேண்டும். எத்தனாலில் போட்ட நுண்ணுயிர்களில் பெரும்பாலானவற்றை மறுபடி வளர்க்க முடியாது. உயிரோடு வேண்டுமென்றால், திரவ நைட்ரஜன் உருளை போன்ற ஏற்பாட்டைக் காட்டுக்குள் சுமந்து போக வேண்டியிருக்கும்.