சுவரில் உள்ள மூன்றாவது துளை

மின்சார ரயிலை 1931-ஆம் ஆண்டிலேயே கண்ட ஊர் நம் தாம்பரம். அவ்வாண்டு மே மாதத்தில்தான் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று தண்டவாளத்தின் மேல் மட்டும் ஓடிய மின்சாரம், இன்று சேலையூர், சிட்லபாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என எல்லாத் தெருக்களிலும் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஓடுகின்றது. இத்தனை ஆண்டுகள் பழகியும் அதன் குணத்தை நாம் நன்கு அறிந்துகொண்டோமா என்பது ஐயமே. அந்த ஐயத்தை எங்கள் வீட்டிற்குள் கொண்டுவந்தது ஒரு கணிப்பொறி.

மகள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அவளுக்கென மேசைக் கணிப்பொறி ஒன்றை வாங்கினோம். கடையிலிருந்து வந்தவர் பெட்டியையும் திரையையும் இணைத்து, பிளக்கைச் சுவரில் செருகி, படம் தெரிவதைக் காட்டிவிட்டுச் சென்றார். மூன்றாம் நாள் மகள், “அப்பா, பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறது” என்றாள். நாமோ, “வெறுங்காலோடு தொடாதே, செருப்பைப் போட்டுக்கொள்” என்று கூறிவிட்டு நாளிதழைப் புரட்டலானோம். மறுநாள் மேசையின் கீழே ஒரு ரப்பர் விரிப்பும் வந்துவிட்டது. சிக்கல் தீர்ந்தது என்று எண்ணினோம்.

இரண்டு மாதங்கள் கழிந்தன. ஒரு சனிக்கிழமை மாலை, மாவு அரைத்துக்கொண்டிருந்த எங்கள் தாயார் ஈரக் கையோடு கிரைண்டரின் உடலைத் தொட்டார். அலறியபடியே பின்புறமாக விழுந்தார். விழுந்ததால் கை விடுபட்டது; கை விடுபட்டதால் உயிர் தப்பினார். அன்றிரவே மின்பணியாளரை அழைத்தோம். அவர் ஒவ்வொரு பிளக் பாயிண்டாகச் சோதித்தபின் வீட்டின் பின்புறம் சென்று, பச்சை நிறக் கம்பி ஒன்றைத் தொடர்ந்து பார்த்தார். அக்கம்பி பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய் ஒன்றில் கட்டப்பட்டிருந்தது. அக்குழாயோ ஒரு முழத்திற்கு அப்பால் அறுக்கப்பட்டு, பிளாஸ்டிக் குழாயோடு இணைக்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் குழாய்களை மாற்றிய வேலை நாமே சொல்லிச் செய்தது.

“கம்பி இருக்கிறது ஐயா, அது போய்ச் சேர இடம் இல்லை” என்றார் அவர். பின்னர் கேட்டார்: “வீட்டில் கணிப்பொறி இருக்கிறதா? அது சுரீர் என்று எத்தனை நாளாக அடிக்கிறது?” நாம் தலைகுனிந்தோம். இரண்டு மாதங்களாக அப்பெட்டி எங்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நாம்தான் செவிசாய்க்கவில்லை.

சுரீர் என்பது ஏன்?

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுள்ளது. கணிப்பொறிப் பெட்டியினுள் இருக்கும் மின்வழங்கி, அதைச் சிறு அழுத்தங்களாக மாற்றித் தருகின்றது. மின்கம்பியில் ஏறும் இரைச்சலை வடிகட்டுவதற்காக, ஃபேஸ் கம்பியிலிருந்து ஒன்றும் நியூட்ரல் கம்பியிலிருந்து ஒன்றுமாக இரு சிறு மின்தேக்கிகள் அதனுள் வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் பெட்டியின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் கம்பி சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் சிறு மின்சாரம் ஒருவருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லையெனில் இரும்புப் பெட்டி இரண்டுக்கும் நடுவே தொங்கி, 230-இல் பாதியாகிய ஏறத்தாழ 115 வோல்ட் அழுத்தத்தில் நிற்கும். வெறுங்காலோடு தொடுவோரின் உடல் வழியே அது மண்ணைத் தேடும். அதுவே அந்தச் சுரீர்.

இந்தச் சிறு கசிவு பெரும்பாலும் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவானதே. தன்னளவில் உயிரைப் பறிப்பதன்று. ஆனால் அது அறிவிக்கும் உண்மையோ பெரிது. இந்த வீட்டில் எர்த் இல்லை என்பதே அவ்வறிவிப்பு. நாளை இஸ்திரிப் பெட்டியிலோ, கிரைண்டரிலோ, தண்ணீர் சுடவைக்கும் கெய்சரிலோ உள்கம்பி தேய்ந்து உடலைத் தொட்டால், முழு 230 வோல்ட்டும் தொடுகின்ற கையைத் தேடி வரும். செருப்பும் ரப்பர் விரிப்பும் எச்சரிக்கை மணியின் நாவைக் கட்டிவைப்பவையே அன்றி, தீயை அணைப்பவை அல்ல.

மூன்றாவது துளை

சுவரிலுள்ள பிளக் பாயிண்டைப் பாருங்கள். கீழே இரண்டு சிறு துளைகள். மேலே பெரிதாக ஒன்று. அந்தப் பெரிய துளைதான் எர்த். பிளக்கில் அதற்குரிய முள் மற்ற இரண்டையும்விட நீளமானது. ஆகவே செருகும்போது அதுவே முதலில் தொடுகின்றது, உருவும்போது அதுவே கடைசியில் விடுகின்றது. காவல் முதலில் வந்து கடைசியில் செல்ல வேண்டும் என்பதே அதன் பொருள். இதை அறியாமல் இருமுள் அடாப்டரைப் பொருத்துவோரும், நீண்ட முள்ளை அறுத்தெறிவோரும் நம்மிடையே உண்டு. வேறு சிலர் எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் பாயிண்டிற்குள்ளேயே ஒன்றாக முறுக்கிவிடுகின்றனர். இது அதனினும் கொடியது. வழியில் எங்கேனும் நியூட்ரல் கம்பி அறுந்தால், அந்தக் கணமே பெட்டியின் உடல் முழு மின்சாரத்தையும் ஏந்தி நிற்கும்.

எர்த் என்பது வெறும் கம்பி அன்று. அது மண்ணில் முடியவேண்டும். இரண்டரை மீட்டர் அளவுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை நிலத்தில் இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் இட்டு நிரப்புவது நெடுநாளைய முறை. நம் பகுதியின் நிலத்தையும் இங்குக் கருதவேண்டும். புனித தோமையார் மலை, பல்லாவரம், திரிசூலம் பகுதிகள் கருங்கற் பூமி. சார்னோக்கைட் என்று நில நூலார் பெயரிட்ட கடினப் பாறை இது. பாறையும் காய்ந்த மண்ணும் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. எனவே இத்தகைய இடங்களில், பங்குனி முதல் ஆனி வரையிலேனும் எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றவேண்டும். பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலத்தின் ஓரங்களில் இந்தத் தொல்லை குறைவு. அங்கு அஞ்சவேண்டியது வெள்ளத்தையே.

உயிரைக் காக்கும் ஸ்விட்ச்

“எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே” என்று சிலர் கூறுவர். அது கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பது. மனிதரைக் காப்பது அன்று. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுவதற்குப் பதினாறாயிரம் மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடவேண்டும். மனித இதயமோ 30 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்குவது அரிது. இவ்விரண்டிற்கும் இடையே ஐந்நூறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு! இந்த இடைவெளியை நிரப்பவே ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுக் காப்பான் உள்ளது. பழைய வழக்கில் இதை ஈ.எல்.சி.பி. என்பர். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று இது இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபட்டால், கண் இமைக்கும் பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நலம். அழுத்தியும் விழாவிடில் அதை மாற்றவேண்டும்.

மின்தடையும் யூ.பி.எஸ்.ஸும்

இவ்விரண்டும் சரியான பின்னரே யூ.பி.எஸ். பற்றி எண்ணவேண்டும். வீட்டுக் கணிப்பொறி ஒன்றிற்குத் திரையோடு சேர்த்து 100 முதல் 200 வாட் வரை போதும். 600 வி.ஏ. என்று விற்கப்படும் சிறு யூ.பி.எஸ். ஏறத்தாழ 360 வாட் தாங்கும். வேலையைச் சேமித்து, முறைப்படி நிறுத்தப் பத்து நிமிட அளவு நேரம் தரும். லேசர் அச்சுப்பொறியையோ மின்விசிறியையோ அதில் மாட்டலாகாது. உள்ளிருக்கும் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். சுவர் ஸ்விட்சை அணைத்தாலும் யூ.பி.எஸ்.ஸின் பின்புறத் துளைகளில் மின்சாரம் இருக்கும் என்பதைச் சிறுவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருப்பின், அதன் பின்புறமுள்ள தேர்வு ஸ்விட்ச் யூ.பி.எஸ். நிலையில் உள்ளதா என்று பாருங்கள். மின்சாரம் அறுந்தபின் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு வரையில்தான் கணிப்பொறியின் மின்வழங்கி ஏறத்தாழத் தாங்கும். அதற்குள் இன்வெர்ட்டர் கைகொடுக்கவேண்டும்.

இன்னுமோர் ஆபத்து உண்டு. தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால், சில வீடுகளில் அழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கக்கூடும். விளக்குகள் திடீரெனக் கண்கூச எரிந்து, விசிறி வெறிபிடித்தாற்போல் சுழன்றால் காரணம் தேடி நிற்காதீர்கள். உடனே மெயின் ஸ்விட்சை அணையுங்கள். பின்னர் 94987 94987 என்னும் மின்னகம் எண்ணில் புகார் செய்யுங்கள். இடி மின்னல் வருமுன் பிளக்கோடு இணையக் கம்பியையும் உருவிவிடுவது நன்று. அணைத்துவைத்த ஸ்விட்சின் சிறு இடைவெளி மின்னலுக்குத் தடையாகாது.

எங்கே வைப்பது?

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை நம்மில் யார் மறப்பர்? 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்புறநகரின் தாழ்ந்த பகுதிகள் நீரில் நின்றன. ஆகவே யூ.பி.எஸ்.ஸும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் தரையில் கிடத்தல் ஆகாது. மேசைக்குக் கீழே பலகை அடித்து உயர்த்தி வையுங்கள். தண்ணீர் வாசலுக்கு வருமுன்பே மெயினை அணையுங்கள். நனைந்த பெட்டியை, உலர்ந்தது போலத் தோன்றினாலும், வல்லுநர் பார்க்குமுன் இயக்காதீர்கள். பெட்டியின் பின்புறம் காற்றோட்டத்திற்கு ஒரு சாண் இடம் விடுங்கள். ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து மற்றொன்றை இழுக்காதீர்கள். இஸ்திரிப் பெட்டியை அதில் மாட்டவே மாட்டாதீர்கள்.

இன்று என்ன செய்யலாம்?

இதனைப் படிக்கும் குடும்பத் தலைவரும் தலைவியும் இவ்வாரமே உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் வீட்டு எர்த் கம்பி எங்கே முடிகின்றது? அது ஒவ்வொரு பிளக் பாயிண்டிற்கும் வருகின்றதா? ஆர்.சி.சி.பி. இருக்கின்றதா, வேலை செய்கின்றதா? சோதனையைத் தாமே செய்ய முயலவேண்டாம்.

வாடகை வீட்டில் இருப்போர், “வீட்டுக்காரர் செய்வாரா?” என்று தயங்குவர். செலவு கணிப்பொறியின் விலையில் ஒரு சிறு பங்கே, கேட்பதில் இழிவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நம் அன்பர்களுக்கும் ஒரு சொல்: வாடகை வாங்கும் கை, கூரையைப் போலவே எர்த்துக்கும் பொறுப்பேற்கவேண்டும். அங்கு வெறுங்காலோடு நடப்பது பிறர் பெற்ற குழந்தை அன்றோ?

எங்கள் வீட்டில் இப்போது புது எர்த் குழி உண்டு. சனிக்கிழமைதோறும் தாயார் மாவரைக்கத் தொடங்குமுன் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகின்றார். துளசிக்கு ஊற்றுவது போலவே ஊற்றுகின்றார் என்று மகள் கேலி செய்கின்றாள். ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டோம். பெட்டி இப்போது ஒன்றும் சொல்வதில்லை.