தண்டனைக்கு அஞ்சி உயிரைப் பலிகொடுப்பதா?

அமெரிக்காவில் 21 வயதை எட்டாதோர் மதுபானம் வாங்குவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. 1984ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட மத்திய சட்டத்தையடுத்து 1988ஆம் ஆண்டளவில் எல்லா மாநிலங்களும் இந்த வயதெல்லையை ஏற்றுக்கொண்டன. ஆனால், பல்கலைக்கழகத்தில் காலடி வைக்கும் மாணவர்களில் பெரும்பாலானோர் 18, 19 வயதினராவர். அவர்களிடையே மதுப்பாவனை இல்லையென எவரும் கூறத் துணியமாட்டார்கள். இந்த முரண்பாட்டிலிருந்து தோன்றியதே 'மருத்துவப் பொதுமன்னிப்பு' என்ற ஏற்பாடாகும்.

மட்டுமீறி அருந்திய மாணவர் ஒருவர் சுயநினைவிழந்து கிடக்கும்போது அருகிலிருக்கும் நண்பர்கள் அம்புலன்ஸை அழைக்கத் தயங்குகின்றனர். அழைத்தால் பொலிஸார் வருவர், பல்கலைக்கழகம் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும், பெற்றோருக்கும் தெரியவரும். 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்கின்றனர்.

உண்மையில் ஆபத்து அந்தத் தூக்கத்தில்தான் இருக்கின்றது. மனித ஈரல் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஒரு சாதாரண அளவு மதுவையே கழிக்க வல்லது. குடிப்பதை நிறுத்திய பின்னரும் வயிற்றில் எஞ்சிய மதுசாரம் இரத்தத்தில் கலந்துகொண்டேயிருக்கும். சுவாசம் மந்தமடையும், வாந்தி மூச்சுக்குழாயை அடைத்தால் இருமி வெளியேற்றும் இயல்பும் மழுங்கிவிடும். கடுங்கோப்பியோ குளிர்நீர்க் குளியலோ இதற்குப் பரிகாரமாகாது. எழுப்பியும் எழாதவரை, பக்கவாட்டில் படுக்கவைத்துத் தனியே விடாது, உடனடியாக வைத்திய உதவியை நாடுவதே ஒரே வழியாகும்.

2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்க இல்லமொன்றில், பெருமளவு மது அருந்தவைக்கப்பட்ட 19 வயது மாணவர் மாடிப்படியிலிருந்து வீழ்ந்து படுகாயமடைந்தார். அங்கு பலர் இருந்தும் ஏறத்தாழ 12 மணித்தியாலங்கள் கழிந்த பின்னரே அம்புலன்ஸ் அழைக்கப்பட்டது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. 2018இல் அம்மாநிலம் இயற்றிய பகிடிவதைத் தடைச் சட்டத்தில், உதவி கோருவோருக்கான பாதுகாப்பும் சேர்க்கப்பட்டது.

இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று நியூயோர்க் மாநிலத்திலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகமாகும். 2002ஆம் ஆண்டு அங்கு நடைமுறைக்கு வந்த விதி, உதவிக்கு அழைத்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் மதுப்பாவனை தொடர்பான ஒழுக்காற்றுத் தண்டனையிலிருந்து விடுவித்தது. 2006இல் வெளியான ஆய்வின்படி, முதலிரு வருடங்களில் அவசர உதவிக்கான அழைப்புகள் அதிகரித்தன. பின்னர் ஆலோசனை பெற்ற மாணவர்களின் விகிதம் 22 வீதத்திலிருந்து 52 வீதமாக உயர்ந்தது. விதியுடன் விழிப்புணர்வுப் பிரசாரமும் சேர்ந்தே இப்பயன் கிட்டியது என்பதையும் கவனத்திற்கொள்ள வேண்டும். மாணவர் அறியாத விதி எவரையும் காப்பாற்றாது. போதைப்பொருள் விடயத்தில் நியூ மெக்சிகோ 2007இல் இத்தகைய சட்டத்தை இயற்றிய முதல் மாநிலமாயிற்று.

இது குடிக்கு வழங்கப்படும் அனுமதிப்பத்திரம் என்று வாதிடுவோர் உளர். இவ்வாதம் முற்றிலும் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும், அம்புலன்ஸ் வரும் என்ற நம்பிக்கையில் எவரும் மயங்கும்வரை குடிப்பதில்லை. மேலும், இம்மன்னிப்பு வரையறையற்றதுமன்று. வன்முறை, பாலியல் குற்றம், போதைப்பொருள் விற்பனை போன்றவற்றுக்கு இது கேடயமாவதில்லை. தண்டனைக்குப் பதிலாக ஆலோசனை பெறுவது பல இடங்களில் கட்டாயமாகும்.

இவ்வேற்பாட்டில் இன்னும் குறைபாடுகள் உள்ளன. பல்கலைக்கழக விதி பொலிஸாரைக் கட்டுப்படுத்தாது. மாநிலச் சட்டங்களோ ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. நள்ளிரவில் பதற்றத்துடன் நிற்கும் 18 வயது இளைஞரிடம் சட்ட நுணுக்கங்களை ஆராயுமாறு எதிர்பார்க்க முடியாது. விதி எளிமையானதாகவும் ஐயத்திற்கு இடமற்றதாகவும் இருந்தாலன்றி, தொலைபேசியை நோக்கி நீளும் கை பின்வாங்கவே செய்யும்.

ஒழுக்கத்தைப் பேணும் கடமை பல்கலைக்கழகங்களுக்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், திருத்தப்படுவதற்கு மாணவன் முதலில் உயிருடன் இருக்க வேண்டும்.